கையைத் தூக்கினால் என்ன அர்த்தம்

ஒரு வருஷமாக ஒரு கை என் நினைவை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

எட்டு, ஒன்பது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தென் ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா பாதையில், வில்லியம் க்ரீக் என்ற ஊரைத் தாண்டி நூறு கிலோமீட்டர் வந்திருப்போம். காய்ந்த ஓடைக்கரையில் ஒரு மரம், மரத்தடியில் பானட்டைத் திறந்து வைத்த பழைய கார், போர்வை விரித்து உட்கார்ந்திருந்த இரண்டு மூன்று பேர். எங்கள் வண்டியைப் பார்த்ததும் அவள் மட்டும் எழுந்து ரோட்டோரத்துக்கு வந்து கையைத் தூக்கினாள். நானும் ஸ்டீயரிங்கிலிருந்து கையைத் தூக்கினேன். பின்சீட்டில் இருந்த என் மகன் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கையை ஆட்டினான். வண்டி நிற்கவில்லை. நாங்கள் கிளப்பிய புழுதி அவளை மூடுவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது.

இவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் எந்த ஆபத்தும் வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பதைபதைக்க வைக்கும் கதை இல்லை. ஆனால் அந்தக் கைக்கு நான் கொடுத்த அர்த்தம் சரியா, அல்லது எனக்கு வசதியான அர்த்தத்தைக் கொடுத்துக்கொண்டேனா என்ற கேள்வி மட்டும் தீரவே இல்லை. பயணம் முடிந்து வந்ததும் எல்லோரும் கேட்டது சிவப்பு மண்ணின் படங்களை. படங்களைக் காட்டினேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

அடிலெய்டில் குடியேறிப் பத்து வருஷமாகிறது. இந்த மாநிலத்தின் வடக்குப் பக்கம் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஜூலை பள்ளி விடுமுறையில் மர்ரீயிலிருந்து மார்லா வரை மண் பாதையில் போகப் போகிறோம் என்று சொன்னபோது, எங்கள் தமிழ் வட்டத்தில் ஒரே பதில்தான்: "அங்க என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லையே." ஒரு பிறந்தநாள் விருந்தில் இன்னொரு அறிவுரையும் கிடைத்தது. "ரோட்ல யாராவது கை காட்டினா நிறுத்திடாதீங்க. குழந்தைய முன்னாடி நிறுத்திட்டு, மத்தவங்க மறைஞ்சு நிப்பாங்க." யார் என்று அவர் சொல்லவில்லை. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. அங்கே இருந்த இருபது பேரில் ஒரு பூர்வகுடி மனிதரோடு ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசியவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார், என்னையும் சேர்த்துத்தான். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தையும் என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

மர்ரீ சின்ன ஊர். வடக்கே பேர்ட்ஸ்வில் பாதை, மேற்கே ஊட்னடாட்டா பாதை. இரண்டும் பிரிகிற முனை. ஊருக்கு நடுவே இன்றைக்கும் தண்டவாளத் துண்டும் துருப்பிடித்த டீசல் எஞ்சின்களும் நிற்கின்றன. 1884இல் இங்கே ரயில் வந்தது. அப்போது ஊரின் பெயர் ஹெர்காட் ஸ்பிரிங்ஸ். ஜெர்மன்காரர் ஒருவரின் பெயர் என்பதால் முதல் உலகப் போர்க் காலத்தில் அதை மாற்றிவிட்டார்கள். ரயில் நின்ற இடத்துக்கு அப்பால் சரக்கைச் சுமந்து போனவை ஒட்டகங்கள்தான். கோதுமை மாவு, கம்பி, பியானோ வரை எல்லாம் ஒட்டக முதுகில் ஏறிப் போனது. ஒட்டகங்களை ஓட்டி வந்தவர்களை 'ஆஃப்கன்' என்று ஒரே பெயரில் அழைத்தார்கள். பலூச், பஞ்சாப், சிந்து, காஷ்மீர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அவர்கள். 1866இன் தொடக்கத்தில் தாமஸ் எல்டர் என்ற முதலாளி கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களை போர்ட் அகஸ்டாவில் இறக்கியபோது அவற்றோடு இறங்கிய ஆட்கள்தான் இந்தப் பாதைகளின் முதல் ஓட்டுநர்கள். அன்றைய கணக்கில் அவர்கள் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். என் பாட்டனாருக்கும் அப்போது அதே முகவரிதான்.

அந்த ஊர் இரண்டாகப் பிரிந்து இருந்தது. தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் ஹோட்டலும் கடையும் வெள்ளைக்காரர் வீடுகளும். மறுபக்கம் ஒட்டகக்காரர்களின் தகரக் கொட்டகைகள், பூர்வகுடிக் குடும்பங்கள், ஒரு பள்ளிவாசல், அவர்கள் நட்ட பேரீச்சை மரங்கள். பள்ளிவாசலின் மாதிரி ஒன்றை இப்போது மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். நான்கு பக்கமும் திறந்த, கட்டைக் கால்களில் நிற்கும் சின்னக் கொட்டகை. அதற்குள் நின்றபோது, எங்கள் பக்கத்துக் கிராமத்தில் பனை ஓலை வேய்ந்த தொழுகைக் கொட்டகை ஞாபகம் வந்தது. லாரிகள் வந்ததும் ஒட்டகங்கள் வேண்டாதவையாகிவிட்டன. 1925இல் தென் ஆஸ்திரேலியா ஒட்டகங்களைச் சுட்டுக்கொல்ல வழிவகுத்து ஒரு சட்டமே போட்டது. பலர் தங்கள் ஒட்டகங்களைத் தாங்களே சுட மனமில்லாமல் காட்டில் அவிழ்த்துவிட்டார்கள்.

அன்றைக்கு அந்தத் தண்டவாளத்தின் மேல் நின்று என் மகனிடம் சொன்னேன்: "அந்தக் காலத்துல நாம வந்திருந்தா, நம்ம வீடு அந்தப் பக்கம்தான்டா." அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமிதம்கூட இருந்தது. பாதிக்கப்பட்டவர்களின் வரிசையில் ஒரு நிமிஷம் நின்று பார்த்த நிறைவு. அந்த நிறைவு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

தண்ணீரைத் தொட்டுத் தொட்டு

மர்ரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர். வழியில் ஊர் என்று சொல்லத்தக்கவை இரண்டுதான்: வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். ராமநாதபுரத்துக் காட்டில் வளர்ந்தவன் நான். வறண்ட மண் எனக்குப் புதிதில்லை. ஆனால் எங்கள் ஊர் வறட்சியில் எங்கே திரும்பினாலும் ஒரு சீமைக் கருவேல மரமாவது, ஒரு ஆடாவது கண்ணில் படும். இங்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பு. அதன் மேல் எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும் சின்னச் சின்னக் கற்கள். ரோடு தகரக் கூரை மாதிரி வரிவரியாக மேடு பள்ளம். அதன் மேல் மெதுவாகப் போனால் பல் கழன்றுவிடும் போலிருக்கும், வேகமாகப் போனால் வண்டி மிதக்கும். டயரில் காற்றை முப்பதுக்குக் கீழே இறக்கிக்கொண்டு எழுபதில் போவதுதான் தோது. பள்ளங்களில் மாவு போன்ற புழுதி நிரம்பிக் கிடக்கும். பார்த்தால் சமதரை, இறங்கினால் முழங்கால் ஆழம்.

ஒன்றும் இல்லாத இடத்தில் ரோடு ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்ற சந்தேகம் எனக்கு முதல் நாளிலேயே வந்தது. கவர்ட் ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் பதில் கிடைத்தது. அங்கே வப்மா கடர்பு என்ற காப்பகத்தில் மேட்டு ஊற்றுகள் இருக்கின்றன. வப்மா கடர்பு என்றால் அரபானா என்ற பூர்வகுடி மொழியில் பாம்பின் தலை. அருகில் நிற்கும் குன்றுதான் அந்தத் தலை. பப்ளர் என்ற ஊற்றின் விளிம்பில் குனிந்து பார்த்தால் நடுவே மணல் மெல்ல உப்புகிறது, வட்டமாக விரிகிறது, அடங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி உப்புகிறது. உலையில் அரிசி புரளுகிற மாதிரி. சுற்றிலும் வறண்ட வெளி, இந்த ஒரு வட்டத்தில் மட்டும் நாணல். அந்தத் தண்ணீர் கிரேட் ஆர்டீசியன் படுகையிலிருந்து வருகிறது. 17 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போலப் பதிமூன்று மடங்கு பரப்புக்குத் தரைக்கடியில் தேங்கிய நீர். சில இடங்களில் அதன் வயது லட்சக்கணக்கான வருஷங்கள். அது பாறைப் பிளவுகளில் மேலே வந்து கசியும் இடங்கள் ஒரு சரம் மாதிரி வடமேற்கே போகின்றன. பாதை அந்தச் சரத்தைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. காவிக்கல் வாங்கவும் விற்கவும் பூர்வகுடிகள் நடந்த வழி அது. அந்த ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டுதான் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்ற நாடாய்வாளர் வடக்கே போனார், 1862இல் வடகடலைத் தொட்டார். பத்து வருஷத்தில், 1872இல், அதே தடத்தில் தந்திக்கம்பி. பிறகு ரயில், 1891இல் ஊட்னடாட்டா வரை, 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை. 1980இல் ரயிலை வெள்ளம் வராத மேற்குப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். மிச்சம் இருப்பது இந்த மண் பாதை.

ஆக, யாரோ ஒருவர் இன்னொருவருக்குத் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டிக் காட்டித்தான் இந்தப் பாதையே உண்டாகியிருக்கிறது. காட்டியவர்கள் எல்லோரும் மனமுவந்து காட்டினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களிடமிருந்து தெரிந்துகொள்ளாமல் யாரும் இங்கே இரண்டு வாரம் பிழைத்திருக்க முடியாது. எங்கள் பக்கம் பழைய ரோடுகளில் சுமைதாங்கிக் கல் இருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக, யாரென்றே தெரியாத வழிப்போக்கன் தலைச்சுமையை இறக்கி வைக்க நட்ட கல். இந்தப் பாதையில் கல் இல்லை, ஊற்று இருக்கிறது. அன்றைக்கு அந்த ஊற்றின் பக்கத்தில் நின்று இதையெல்லாம் என் மனைவியிடம் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன்.

ஒரு விரல்

இந்தப் பாதையில் எதிரே வண்டி வந்தால் ஓட்டுபவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். ஆள்காட்டி விரல் மட்டும். கை ஸ்டீயரிங்கை விடாது. பார்த்தேன், நலம், போய் வா, எல்லாம் அதில் அடக்கம். அரை மணிக்கு ஒரு வண்டி வருகிற இடத்தில் அது பெரிய விஷயம். முதல் நாள் எனக்குப் புரியவில்லை. இரண்டாம் நாள் நானே முந்திக்கொண்டு தூக்க ஆரம்பித்தேன். என் மகன் எண்ணிக்கொண்டே வந்தான்: இத்தனை பேர் தூக்கினார்கள், இத்தனை பேர் தூக்கவில்லை.

வில்லியம் க்ரீக்கில் ஒரு ஹோட்டல், ஒரு விமான ஓடுதளம், விரல் விட்டு எண்ணத்தக்க ஆட்கள். அங்கே இரவு தங்கினோம். அந்த ஊரைச் சுற்றி இருக்கும் அன்னா க்ரீக் என்ற மாட்டுப் பண்ணைதான் உலகத்திலேயே பெரியது. இங்கிருந்து ஏர் ஏரிக்கு ஒரு கிளைப்பாதை பிரிகிறது. காட்டி தாண்டா என்பது ஏரியின் அரபானாப் பெயர். 2012இலிருந்து இரண்டு பெயரும் சேர்ந்தே வழங்குகிறது. அந்தக் கிளைப்பாதையில் 1998 டிசம்பரில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த இளம்பெண் ஒருத்தி இறந்துபோனாள். வண்டி மணலில் மாட்டிக்கொண்டது. உதவி தேடி அவள் வில்லியம் க்ரீக்கை நோக்கி நடந்தாள். வண்டியோடு இருந்த துணைவர் பிழைத்தார். இந்தப் பக்கம் வருகிற எல்லோருக்கும் முதலில் சொல்லித் தருகிற பாடமே அதுதான்: வண்டி நின்றால் வண்டியோடு இரு. தண்ணீரைப் பத்திரப்படுத்து. யாராவது வருவார்கள்.

யாராவது வருவார்கள் என்ற அந்தக் கடைசி வார்த்தை யாரைச் சொல்கிறது என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு உதவ யாராவது வருவார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். இன்னொருவருக்கு அந்த யாராவது நான்தான் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் மதியம் ஒரு மணி வாக்கில்தான் அந்த ஓடைக்கரை. தூரத்தில் காரைப் பார்த்ததும் என் மனைவி சொன்னாள், "ஏங்க, வண்டி நிக்குது பாருங்க." நான் வேகத்தைக் குறைத்தேன். குறைத்தது உண்மை. அந்தப் பெண் ரோட்டோரம் வந்தாள். கையைத் தூக்கினாள். கறுத்த முகம், சிவப்புக் கால்பந்து பனியன், வெறுங்கால். அந்த இரண்டு மூன்று விநாடியில் எனக்குள் என்ன ஓடியது என்று இப்போது ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். பிறந்தநாள் விருந்தில் கேட்டது ஓடியது. மரத்தடியில் எத்தனை பேர், ஆண்களா பெண்களா என்று கண் எண்ணியது. அதே நேரத்தில் வாய், "ஹலோ சொல்றாங்க" என்றது. கை தானாக மேலே போனது. கால் ஆக்ஸிலேட்டரை அழுத்தியது.

"நிறுத்தியிருக்கலாமே" என்றாள் மனைவி, கொஞ்ச தூரம் போன பிறகு.

"உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்காங்க. உதவி வேணும்னா நடு ரோட்டுல வந்து நிப்பாங்க."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் டிக்கியில் இரண்டு கேனில் நாற்பது லிட்டர் தண்ணீர் இருந்தது. தூக்குச்சட்டியில் எலுமிச்சைச் சாதம் இருந்தது.

வழியில் யாராவது?

நாற்பது கிலோமீட்டர் போயிருப்போம். இடது பின்சக்கரத்தில் சத்தம். இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்து, உள்ளே கம்பி தெரிகிறது. சிவப்புக் கற்களில் ஒன்று கத்தி மாதிரி வெட்டியிருக்கிறது. ஸ்டெப்னி இருந்தது. ஆனால் வீல் நட்டு அசையவில்லை. ஊரில் டயர் மாற்றியபோது மெஷின் வைத்து இறுக்கிவிட்டார்கள்; கையால் கழற்றிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதித்தேன். ஐந்தில் மூன்று வந்தது. நான்காவது நட்டின் முனை மழுங்கியது. ஜாக்கி மணலில் புதைந்தது. போனில் சிக்னல் இல்லை. ஜூலையில் வெயில் உறைக்காது, ஆனால் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், இரவில் பல் தந்தியடிக்கும் குளிர். சாதத்தை நாங்கள் மூன்று பேரும் வண்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாங்களும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு ஊட்னடாட்டா பக்கமிருந்து ஒரு யூட், அதாவது பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள வண்டி, வந்தது. முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, எங்கள் மேல் புழுதி படாதபடி தள்ளி நிறுத்தினார். வயது அறுபதுக்கு மேல், மாட்டுப் பண்ணையில் வேலை பார்ப்பவர், தொப்பியின் விளிம்பு வியர்வையில் கறுத்திருந்தது. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. முதல் கேள்வி, "தண்ணி எவ்வளவு இருக்கு?" நாற்பது லிட்டர் என்றேன். தலையை ஆட்டிவிட்டுத்தான் சக்கரத்தைப் பார்த்தார். நீளமான இரும்புக் குழாய் ஒன்றை ஸ்பானரின் கைப்பிடியில் செருகி, ஒரே அழுத்து. ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை வைத்திருந்தார். பதினைந்து நிமிஷத்தில் ஸ்டெப்னி மாட்டியாகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார்:

"வர்ற வழியில யாராவது நின்னாங்களா?"

இந்தப் பாதையில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியாம் அது. விரல் தூக்குவது மாதிரி இன்னொரு வழக்கம். எனக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. ஆமாம் என்றால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று தெரிந்திருந்தது. அந்த ஒரு கணத்தில், இல்லை என்று சொல்லிவிட முடியுமா என்று என் மனம் தேடியது. இதை எழுதும்போது விரல் கூசுகிறது. எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

என் மகன்தான் சொன்னான். "ஒரு கார் நின்னுச்சு. பானட் திறந்திருந்துச்சு. ஒரு பொண்ணு கை காட்டினா."

அவர் என் மகனிடமே குனிந்து கேட்டார். எங்கே, எந்த ஓடை, என்ன நிறக் கார், எத்தனை பேர். அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பாட்டி ஒருத்தர், பெரிய அக்கா ஒருத்தி, மடியில் குழந்தை, அப்புறம் அந்தப் பெண். நான் எண்ணியதைவிட அவன் சரியாக எண்ணியிருந்தான்; குழந்தையை நான் பார்க்கவே இல்லை. "தண்ணி இருந்துச்சா?" என்றார். அவனுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை.

அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "சரி, நான் போய்ப் பார்க்கிறேன்" என்றார். அவருடைய பண்ணைக்குத் திரும்பும் வழி பத்து கிலோமீட்டரில் இருந்தது. அதைத் தாண்டி இன்னும் முப்பது போக வேண்டும், பிறகு திரும்பி வர வேண்டும். நானே திரும்பிப் போகிறேன், தண்ணீர் இருக்கிறது என்றேன். அவர் என் சக்கரங்களைக் காட்டினார். "உன்கிட்ட இனிமே ஸ்டெப்னி கிடையாது. நீ திரும்பிப் போனா இருட்டுல நான் ரெண்டு வண்டியைத் தேடணும். நேரா ஊட்னடாட்டா போ." ஒரு கேனை மட்டுமாவது எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எடுத்துக்கொண்டார். பணம் கொடுக்கப் பையில் கையை விட்டதைப் பார்த்து, பார்க்காத மாதிரி வண்டியில் ஏறிவிட்டார்.

அல்ஜிபக்கினா பாலத்தை நாங்கள் மாலை வெயிலில் தாண்டினோம். பழைய ரயில் பாலம், 578 மீட்டர், 19 கண்கள், 1892இல் கட்டி முடித்தது. பயணம் கிளம்புமுன் நான் மிகவும் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தான். வண்டியை நிறுத்தவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

ஊட்னடாட்டாவில்

ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2ஆம் தேதி 50.7 டிகிரி வெயில் பதிவானது. ஆஸ்திரேலியாவில் அதைத் தாண்டி எங்கும் பதிவானதில்லை. சாலையோரக் கடை முழுக்க இளஞ்சிவப்பு வர்ணம். டயர், ரொட்டி, தபால், பெட்ரோல் எல்லாம் அங்கேதான். ஊரில் பெரும்பாலானவர்கள் பூர்வகுடிகள். 1911இலேயே இங்கே ஒரு சின்ன மருத்துவ விடுதி வந்தது. அடுத்த வருஷம் ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் தொடங்கிய உள்நாட்டுக் கிறிஸ்தவ ஊழியத்தின் கீழ் அது வந்து, அதே மனிதரின் முயற்சியில் 1928இல் பறக்கும் மருத்துவர் சேவை பிறந்தது. அழைக்கிறவர் யார் என்று பார்த்து விமானம் இறங்குவதில்லை. நோயாளி எங்கே என்று மட்டும் கேட்கும்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குடும்பம் வந்து சேர்ந்ததா என்று கடையில் கேட்கலாம். கேட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். கேட்காமலே படுத்துக் கிடந்தேன்.

காலையில் டயர் வாங்கப் போனபோது அந்தக் கார் கடை வாசலில் நின்றது. பானட் மூடியிருந்தது. முன் கதவைத் திறந்து வைத்து, வெயில் காலில் படும்படி அந்தப் பாட்டி உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றேன். என்ன மொழியில் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், நேற்று உங்களைப் பார்த்தேன், நிறுத்தாமல் போய்விட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரேடியேட்டர் ஹோஸ்" என்றார். "வெடிச்சிடுச்சு. இப்ப சரியாயிடுச்சு." பிறகு, "உன் டயர் என்னாச்சு?"

என் டயர் கதை அவருக்குத் தெரிந்திருந்தது. என் கேன்தான் அவர்களுடைய ரேடியேட்டருக்குப் போயிருக்கிறது. பின்சீட்டில் கிடந்தது, அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தப் பெண் கடைக்குள்ளிருந்து சிப்ஸ் பொட்டலத்தோடு வந்தாள். என் மகனைப் பார்த்தாள். அவன் கையைத் தூக்கினான். அவளும் தூக்கினாள்.

நேற்று நீ ஹலோ சொன்னாயா, நிற்கச் சொன்னாயா என்று அவளிடம் நான் கேட்டிருக்கலாம். அவள் சொல்லியிருப்பாள். அவள் ஹலோ என்று சொல்லிவிட்டால் எனக்கு விடுதலை கிடைத்துவிடுமோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை என்று சில நாள் தோன்றுகிறது. நிற்கச் சொன்னேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் என்று மற்ற நாள் தோன்றுகிறது. பானட் திறந்து கிடக்கும்போது அந்தக் கைக்கு அர்த்தம் தேடவே வேண்டியதில்லை. அது எனக்கு அந்த ஓடைக்கரையிலேயே தெரியும். மர்ரீயில் தண்டவாளத்தின் மேல் நின்று நம் வீடு அந்தப் பக்கம் என்று சொன்னவன், அந்தப் பக்கத்து வீட்டுக் குழந்தை ரோட்டுக்கு வந்து கையைத் தூக்கியபோது எந்தப் பக்கம் இருந்தான் என்பதை என் மகன் பார்த்துவிட்டான். இந்த நாட்டில் என் தோலின் நிறத்துக்காக யாராவது என்னைச் சந்தேகமாகப் பார்த்தால் கொதித்துப் போகிறவன் நான். அதே பார்வை என் கண்ணுக்குள் எப்போது வந்து குடியேறியது என்று எனக்கே தெரியவில்லை. விருந்தில் கேட்ட ஒரு வாக்கியம் மட்டும் அதைச் செய்துவிடாது. பத்து வருஷமாக இந்த மண்ணில் இருந்துகொண்டு, இந்த மண்ணின் மனிதர்கள் ஒருவரையும் தெரிந்துகொள்ளாமல் இருந்த சௌகரியம்தான் அதைச் செய்திருக்கிறது.

விருந்தில் அந்த அறிவுரை சொன்னவரிடம் திரும்பி வந்ததும் போனில் பேசினேன். நடந்ததைச் சொன்னேன். "நல்லவங்களும் இருப்பாங்கதான்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை. இன்னொரு தடவை பேச வேண்டும். இந்தக் கட்டுரையை அவருக்கும் அனுப்புவேன்.

ஊட்னடாட்டாவிலிருந்து மார்லாவுக்கு இன்னும் இருநூறு கிலோமீட்டர். புது டயர் மாட்டிக்கொண்டு பத்து மணிக்குக் கிளம்பினோம். பாதி வழியில் ஒரு கேம்பர் வேன் ஓரமாக நின்றது. வெள்ளைக்கார முதியவள் ஒருத்தி தரையில் ஏதோ பூவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். நான் வேகத்தைக் குறைத்து, புழுதி அடங்கும் தூரத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினேன்.

ஏதாவது உதவி வேண்டுமா என்றேன். இல்லை, சும்மா கை தூக்கினேன் என்றாள். நிறுத்தியதற்கு நன்றி என்றாள்.

பின்சீட்டிலிருந்து என் மகன் தலையை வெளியே நீட்டினான். "தண்ணி எவ்வளவு இருக்கு?"

"அறுபது லிட்டர் இருக்கு, கண்ணா" என்றாள் அவள்.

அவன் சரி என்று தலையாட்டியதும் வண்டியை எடுத்தேன்.